இல்லாத அண்ணனின் மோட்டார் சைக்கிள்

மாசி (பெப்ரவரி) 11, 1964. செவ்வாய்

இன்றும் மாப்பிள்ளையின் பங்கில் பன்னிரண்டு மைல் தின்றுவிட்டு வந்தேன்.

இது அம்மாவின் கணக்கு. முரசுமோட்டையிலிருந்து கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் நீர்ப்பாசனக் கந்தோர் ஆறு மைல்; திரும்பி வர ஆறு. நான் ஓடும் மோட்டார் சைக்கிள் என் சீதனம். ஆகவே தேயும் ரயரும் எரியும் எண்ணெயும் இன்னும் முகம் தெரியாத ஒருவருடையவை. "வாறவனுக்கு முள்ளுத்தான் மிச்சம்" என்கிறார் அம்மா, மீன் வெட்டிக்கொண்டே.

முகம் தெரியாதவரே, உம்முடைய பங்கு நல்ல ருசி.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஓவசியர் என்னைக் கட்ட மோட்டார் சைக்கிள் கேட்டார். ஐயா காலபோக நெல்லை விற்று, வவுனியாவில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரிடம் இதை வாங்கி வந்தார். யுத்தத்துக்கு முந்திய வண்டி. ஒற்றைச் சிலிண்டர், கறுப்பு, காசநோய்க்காரனின் இருமல். வாங்கி வந்த கிழமையே ஓவசியருக்குக் கொழும்பில் வீட்டோடு பெண் கிடைத்தது. அவர் போனார், வண்டி நின்றது. சீதனமென்று வாய்விட்டுச் சொல்லி எடுத்து வைத்ததை விற்றால் பெண்ணுக்கு ஆகாதாம். எனவே நெல்லுக் கொட்டிலில், சாக்குப் போர்வைக்குள், அடுத்த மாப்பிள்ளைக்காக அது காத்திருந்தது. நானும் காத்திருந்ததாகத்தான் ஊரில் நினைப்பு.

ஓடாமல் விட்டால் இறுகிப் போகும் என்று விற்றவர் எச்சரித்திருந்தார். ஐயா ஏறினார். வாய்க்காலுக்குள் இறங்கினார். அதோடு அவருடைய சவாரி முடிந்தது. அளவையாளர் தந்த ஆங்கிலக் கைநூலை நான் ஒரு நாவலைப் போல் படித்து முடித்திருந்தேன். நாவலை விட நல்ல முடிவு அதற்கு. "வாய்க்கால் கட்டு மட்டும் போட்டு வா பிள்ளை" என்றார் ஐயா. பிறகு பள்ளிக்கூடம் மட்டும். பிறகு பரந்தன் சந்தி மட்டும். ஒரு நாள் காலைப் பஸ் வரவில்லை. "சரி, இண்டைக்கு மட்டும் கந்தோருக்குக் கொண்டு போ."

அந்த "இண்டைக்கு மட்டும்" இரண்டாம் வருஷமாக நடக்கிறது.

மாசி 13

மழை. பிளக்கைக் கழற்றி அடுப்போரம் காயவைத்தேன். அம்மா அதைக் கறிக்கரண்டியால் தட்டி விட்டார், சீதனம் சாம்பலுக்குள்.

மாசி 20. வியாழன்

சேலைத் தலைப்பு பின் பல்லுச்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. நல்ல காலம், சேறு, மெல்லத்தான் வந்தேன். ஒரு சாண் கரையை அறுத்து எடுத்துவிட்டு மிச்சத்தோடு கந்தோருக்குப் போய், முழுநாளும் அந்தக் கிழிசலை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டு வாய்க்கால் வரைபடத்துக்கு மை பிடித்தேன்.

இனி வீதியில் இரண்டு காலையும் மூடும் ஐயாவின் பழைய களிசான், காக்கிக் கோட்டு, தூசிக்குக் கறுப்புக் கண்ணாடி, தலைமயிரை அள்ளி முடிந்து மேலே ஒரு தொப்பி. கந்தோரில் போய்ச் சேலை. ஐயா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உது என்னிலை வடிவா இருக்கேல்லை" என்றார். பாராட்டுத்தான்.

மாசி 21

பரந்தன் சந்தியில் பெற்றோல் ஊற்றும் கச்சு முகம்மது காக்கா, "தம்பி, அரைக் கலனோ?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றினேன். நாக்கைக் கடித்தார். கடைசியில் வந்தது சிரிப்பு. "அல்லாவே, நீயோ பிள்ளை! நல்லது. இனித் தம்பி எண்டே கூப்பிடுறன். சந்தியிலை நிக்கிறவங்கள் உன்னைப் பாத்துக் கதை கட்டாங்கள்."

அவர் சொன்னது சரி. இன்று முதல் தடவையாக ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆணாக இருப்பதன் முழுச் சுகமும் இதுதானா? பார்க்கப்படாமல் ஆறு மைல் போவது?

பங்குனி 9

வீதி முழுக்க நெல் காயப்போட்டிருக்கிறார்கள். ஓரமாகப் போனால் முள், நடுவே போனால் ஏச்சு. "கண் தெரியாதே தம்பி!" என்று ஓர் ஆச்சி கத்தினார். மூன்று வீடு தள்ளி இருப்பவர், என்னைத் தொட்டிலில் ஆட்டியவர்.

பங்குனி 15. ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். என்னைப் பார்த்ததை விட வண்டியைப் பார்த்த நேரம் அதிகம்.

மாப்பிள்ளை கனகலிங்கம், கிளிநொச்சி ஸ்டேசனில் சாமான் பகுதிக் கிளாக். மெலிந்த ஆள், பெரிய காது. அவருக்கும் சேர்த்துக் கதைத்தவர் அவருடைய தாய்மாமன் பரமலிங்கம். கூட்டி வந்தவர் தரகர் ஏரம்பு, வவுனியாப் பக்கத்து ஆள், எங்கள் குடும்பத்துக்குப் புதியவர். மூன்றாம் முறை பலகாரம் எடுத்தவரும் அவர்தான். ஐயாவுக்கு வாய்க்காலில் தண்ணீர் முறை, வயலில் நின்றார்.

"முதல் சாமானைக் காட்டுங்கோ" என்றார் பரமலிங்கத்தார்.

சாக்கு நீங்கியதும் மாடு வாங்குகிறவர் போலச் சுற்றி வந்தார். ரயரை அமத்தினார். சீற்றைத் தட்டினார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன், பெற்றோல் மூடியைத் திறந்து மணந்தார்.

"தம்பி, ஒருக்கால் உதைச்சுப் பார்."

"எனக்கு உது தெரியாது மாமா." மாப்பிள்ளையின் முதல் வசனம்.

"தள்ளு, நான் பாக்கிறன்."

கைபிடியில் ஒரு சின்ன நெம்பு உண்டு. உதைக்க முதல் அதை இழுத்துவிட வேண்டும். இழுக்காமல் உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும். நான் தேத்தண்ணித் தட்டத்தோடு கொட்டில் வாசலில் நின்றேன். பெண் பார்க்கும் நாளில் பெண் வாய் திறக்கக்கூடாது என்பது சம்பிரதாயம். நான் சம்பிரதாயத்தை மதித்தேன்.

வண்டி மதிக்கவில்லை. பரமலிங்கத்தார் ஒரு பக்கம், அவருடைய சால்வை ஒரு பக்கம். கனகலிங்கம் லேஞ்சியை எடுத்து முகத்தை மூடினார். வேர்வை துடைக்கிறார் என்று அம்மா நினைத்தார். வேர்வைக்குத் தோள் குலுங்காது.

கெட்ட காலம், விழுந்த இடத்திலிருந்து பரமலிங்கத்தாருக்குப் பின்சக்கரம் நன்றாகத் தெரிந்தது.

"உதென்ன, சங்கிலிக்குள்ளை சேலை நூல்? இது ஓடுற வண்டியெல்லோ! ஆர் ஓடுறது?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டத்தைப் பார்த்தேன்.

"என்ரை மோன்" என்றார் அம்மா. "பழஞ்சேலைத் துண்டாலைதான் துடைக்கிறவன்."

"மோனோ? ஏரம்பு சொல்லேல்லையே!"

"மூத்தவன். விடிய வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவான்."

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. சைக்கிளும் இஞ்சை நிக்குது."

"நடந்து போட்டான். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறவன்."

இருபத்தைந்து வருஷமாக ஒற்றைப் பிள்ளையாக இருந்த எனக்கு, இன்று பின்னேரம் ஓர் அண்ணன் பிறந்தார். பிறந்த கையோடு ஆறு மைல் நடந்தும் போய்விட்டார்.

பங்குனி 16

ஐயா கேட்டது: "இஞ்சாரும், எனக்கெப்ப மோன் பிறந்தவன்? எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதே?"

அம்மா அழுதார். "பொம்பிளைப்பிள்ளை களிசான் போட்டு ஓடுறாளெண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?"

ஐயா பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தக் குரலில் பகிடி இல்லை. "கேட்டுக்கொள் பிள்ளை. இது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வந்து சம்பந்தம் முறிஞ்சுதெண்டால், அண்டைக்கே சக்கரத்தைக் கழட்டிப் போடுவன். பஸ் வந்தால் கந்தோர், வராட்டில் வீடு."

இதுதான் என் நிலைமை. உண்மை தெரிந்தால் வண்டி போகும், வண்டியோடு வேலையும் போகும். தெரியாவிட்டால் கலியாணம் நடக்கும், வண்டி கனகலிங்கத்தாருடையது, எனக்குப் பின் ஆசனம். எந்தப் பக்கம் பார்த்தாலும் நான் கைபிடியில் இல்லை.

பங்குனி 24. செவ்வாய்

ஏரம்பர் வந்தார். வாசலிலேயே செருப்பை உதறி, "அக்கா, அதிட்டம்!" என்றார்.

அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. (வாயே திறக்காத அடக்கமான பிள்ளையாம்.) ஆனால் அதைவிட அண்ணனைப் பிடித்துவிட்டது. ஒழுங்காக வேலைக்குப் போகிறவன், சாமானைத் துடைத்து வைக்கிறவன், பெற்றோலை மிச்சம் பிடித்து நடக்கிறவன். கனகலிங்கத்துக்கு ஒரு தங்கை இருக்கிறாள், கமலாசனி. ஆகவே மாற்றுச் சம்பந்தம்: அவர்களுடைய மகனுக்கு நான், எங்கள் மகனுக்கு அவள். இரண்டு வீட்டிலும் சீதனம் குறையும், ஒரே பந்தல், ஒரே சமையல்.

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். "அவன்... மலாயாவுக்குப் போற யோசனையிலை இருக்கிறான்..."

ஏரம்பர் போனபின் ஐயா கேட்டார்: "பிறக்காதவனை ஏனப்பா கப்பலேத்துறீர்?"

பங்குனி 27

மலாயா எடுபடவில்லை. அவர்கள் கமலாசனியையும் கப்பலேற்றத் தயாராம்.

சித்திரை 3. வெள்ளி

இன்று ஏரம்பர் கொண்டுவந்த செய்தியை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு எனக்கே நம்ப முடியாது.

கமலாசனி பரந்தனில் தையல் வகுப்புக்குப் போகிறவள். மாமன் சொன்ன என் அண்ணனின் பழைய வண்டியைச் சத்தத்திலேயே கண்டுபிடித்திருக்கிறாள். அந்த வீதியில் அப்படி இருமுகிறது வேறு இல்லை. கச்சு முகம்மது காக்கா "தம்பி" என்று கூப்பிட்டதும் காதில் விழுந்திருக்கிறது. "பொடிச்சி ஆளைக் கண்டிட்டுது! காக்கிக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. அங்கை இஞ்சை பாக்கிற பழக்கமில்லை, நேரான ஆள். 'எனக்கு ஓம்' எண்டு தானாவே மாமனிட்டைச் சொல்லிப்போட்டுது."

ஒரே வீட்டாருக்கு, ஒரே மாதத்துக்குள், பெண்ணாகவும் பிடித்து மாப்பிள்ளையாகவும் பிடித்த ஆள் வன்னியில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. ஏரம்பருக்கு நான் வெட்கப்படுவதாக நினைப்பு.

பின்னேரம் வாய்க்கால் கட்டில் வண்டியை நிறுத்திப் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு தானாக நின்றது. ஒருத்தி ஓமென்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒருவரும் கேட்காத சொல் அது. அவளிடமும் கேட்டிருக்க மாட்டார்கள், அவளாகச் சொல்லியிருக்கிறாள். யாருக்கு? ஒரு களிசானுக்கும் ஒரு கண்ணாடிக்கும். அவள் இப்போது தலையணை உறைக்குப் பூப்போட்டுத் தைத்துக்கொண்டிருப்பாள்.

அம்மாவின் பொய் அம்மாவுடையது. ஆனால் அந்தக் களிசானுக்குள் இருந்தது நான்.

சித்திரை 7

ஏரம்பருக்கு உண்மையைச் சொல்லிப் பார்த்தார் ஐயா. அவர் அசையவில்லை. "மோனில்லையோ? அதுக்கென்ன, ஒரு சொந்தக்காரப் பொடியனைப் பிடிச்சு மோனெண்டு நிப்பாட்டுவம். தாலி கட்டினால் பிறகு ஆர் கேக்கிறது?"

ஐயா எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். மாட்டுக்குக் காலமே வைத்தாயிற்று.

சித்திரை 11. சனி

கந்தோர் அரைநாள். சேலையோடே அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டேன். பிறகு யோசித்து, திரும்பவும் களிசானையே போட்டேன். அவள் யாருக்கு ஓமென்றாளோ அவர் போய்ச் சொல்வதுதான் மரியாதை.

அவர்கள் வீடு ஸ்டேசனுக்குப் பின்னால். வாசல் படலையில் வண்டியை நிறுத்தியதும் உள்ளே யன்னல் அசைந்தது. கமலாசனி வந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அந்தக் குனிந்த தலையைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் இதே மாதிரிக் குனிந்து பழகியவள்.

"பிள்ளை, எனக்கு அண்ணன் இல்லை" என்றேன்.

குரல் போதுமாக இருந்தது. நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினேன். சிரிப்பாள் என்று எங்கேயோ ஒரு நினைப்பு இருந்திருக்கிறது எனக்கு. அவள் சிரிக்கவில்லை.

"மூண்டு பேர் வந்து என்னைப் பாத்திட்டு வேண்டாமெண்டு போனவை" என்றாள். "நானாப் பாத்து ஓமெண்டது உந்த ஒண்டுதான்."

படித்த புத்தகம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. "எனக்குத் தெரியாது, என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்று ஏதோ உளறினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டிக் கைபிடியைத் தொட்டாள், சுடுகிறதா என்று பார்ப்பதுபோல.

"ஓடுறது கரைச்சலோ அக்கா?"

கனகலிங்கம் வேலை முடிந்து வந்தபோது அவருடைய தங்கை முற்றத்தில் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வண்டியை உதைத்துக்கொண்டிருந்தாள். நான் நெம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் படலையிலேயே நின்றார். களிசானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதென்பது அந்தப் பெரிய காதுகளின் நிறத்தில் தெரிந்தது.

"உந்த நெம்பை இழுக்கவேணுமெண்டு அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் மாமாவுக்குச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே."

லேஞ்சியைத் தேடவில்லை இந்தமுறை. வெளிப்படையாகவே சிரித்தார்.

சித்திரை 12

சம்பந்தம் முறிந்தது. பரமலிங்கத்தாரின் தீர்ப்பு: மகனில்லாத வீட்டில் மகனைக் காட்டிய குடும்பம், களிசான் போடும் பெண், மனிசரை உதைக்கும் வண்டி. மூன்றும் வேண்டாம்.

ஏரம்பரும் இனி வரமாட்டாராம். பலகாரச் செலவு மிச்சம் என்று சொல்ல வாய் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

ஐயா கொட்டிலுக்குள் போனார், கையில் குறடு. நான் பார்க்கப் போகவில்லை. பார்த்தால் அழுவேன். போன வருஷம் சங்கிலி மாற்றிய நாள், மழையில் தள்ளிக்கொண்டு வந்த நாள், எல்லாம்... ஏன், ஒரு இரும்புக்கு இவ்வளவா? ஓம், இரும்புக்குத்தான். என்னைக் கொண்டு போன ஒரே சாமான் அது, மற்ற எல்லாம் என்னை நிற்கச் சொன்னவை.

சித்திரை (ஏப்ரல்) 13. திங்கள், வருஷப்பிறப்பு

மருத்துநீர் வைத்து முழுகி, புதுச்சீலை உடுத்து, கைவிசேஷம் வாங்க ஐயாவுக்கு முன்னால் போய் நின்றேன். முதலில் அம்மாவுக்குக் கொடுத்தார்: வெற்றிலை, நெல், வெள்ளிக்காசு. எனக்கும் வெற்றிலை, நெல். காசு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளக். வண்டியில் இருந்ததுதான், சாம்பல் போட்டுத் தேய்த்து, குத்துவிளக்குப் போல மினுக்கியிருந்தார். நேற்றைய குறடு அதற்குத்தான்.

"என்னப்பா இது!" என்றார் அம்மா. "சீதனமெண்டு எடுத்து வைச்சதையெல்லே..."

"சீதனத்தை விக்கப்படாது எண்டுதான் சொல்லுவினம்" என்றார் ஐயா. "கைவிசேஷமாக் குடுக்கப்படாது எண்டு ஆரும் சொல்லேல்லை. இனி உது மாப்பிள்ளையின்ரை இல்லை, அவளின்ரை."

பிறகு என்னிடம், மெதுவாக: "அந்தப் பிள்ளையின்ரை படலைக்கு நீயாப் போய்ச் சொன்னனியாம். கச்சு முகம்மது சொன்னவர். நான் ஏரம்பனிட்டைச் சொன்னதோடை நிண்டிட்டன்."

காலில் விழுந்து கும்பிட்டேன். கும்பிட்டபடியே பிளக்கின் இடைவெளியைப் பார்த்தேன். கொஞ்சம் கூடத்தான் தேய்த்துவிட்டார்.

சித்திரை 15

இன்று பன்னிரண்டு மைல். என்னுடையவை. ருசி கொஞ்சம் குறைவுதான், களவில்லையே.

வைகாசி 6

அம்மா என்னோடு கதைப்பதில்லை. கோழியோடு கதைக்கிறார், எனக்குக் கேட்க. "சிலதுகள் முட்டையும் இடாது, கூட்டுக்குள்ளையும் நில்லாது."

ஆனி 13. சனி

சோளகக் காற்று. பரந்தன் வீதியில் தூசி ஆளை மறைக்கிறது. கமலாசனி ஓடினாள், நான் பின்னால். ஒரு எருமை நடுவீதியில் நின்றது. அவள் பிறேக் பிடிப்பதற்குப் பதிலாக "அம்மா!" என்று கத்தினாள். எருமை விலகியது. கைநூலில் இல்லாத முறை.

இறங்கும்போது ஒரு பொதி தந்தாள். தமையன் கொடுத்துவிட்டதாம். ஒரு ரின் கிறீஸ், நல்ல கட்டி. ஒரு வரிகூட எழுதவில்லை.

மல்லிகைப்பூக் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். அது அடுத்த நாளே வாடும். இந்த ரின் எப்படியும் ஒரு வருஷம் வரும்.

ஆனி 20

கிறீஸை ஒரு பழைய சட்டிக்கு மாற்றிவிட்டு, ரின்னைத் தமையனிடம் கொடுக்கச் சொல்லிக் கமலாசனியிடம் தந்தேன். உள்ளே ஒரு சின்னப் போத்தலில் எங்கள் மரத்து எலுமிச்சம்பழ ஊறுகாய். கிறீஸ் மணம் போகக் கழுவவில்லை. வேண்டுமென்றேதான்.

ஆவணி 23. ஞாயிறு

சிறுபோகம் வெட்டியாயிற்று. அம்மா முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார், நான் குசினியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். நெல் ஏற்ற உழவு இயந்திரத்தோடு வந்த புதிய ஆள் ஒருவர் கொட்டில் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நல்ல சாமானா இருக்கு. உங்கடை மோன் ஓடுறதோ அம்மா?"

என் கை நின்றது. சுளகு ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை தட்டும் சத்தம்.

"எனக்கு மோன் இல்லைத் தம்பி" என்றார் அம்மா. "மோள் ஓடுறவள். தொடாதையும், உதைக்கும். உதைக்க முதல் ஒரு நெம்பு இழுக்கவேணும்."

ஆக, என் அண்ணன் இன்று பின்னேரம் காலமானார். செத்தவீட்டுத் துடக்கு இல்லை. நாளைக்கு வழமைபோலக் கந்தோர்.